வாகைக்குளத்திலிருந்து மோகன்பாரிக்கு எத்தனை மணி?

கேள்வி என்னவோ சின்னதுதான். "ஏலே தம்பி, நம்ம வாகைக்குளத்துல ஏறினா திப்ருகர்ல எறங்க எத்தன மணி நேரம் ஆகும்?"

கேட்டவர் அண்ணாச்சி. தூத்துக்குடியில் நாற்பது வருடம் உப்பு வியாபாரம் பார்த்தவர். இப்போது கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, சாவிக்கொத்தை மட்டும் ஒப்படைக்காமல் இடுப்பிலேயே வைத்திருப்பவர். கேட்கப்பட்டவர் இந்தக் கட்டுரைக்காரர், அண்ணாச்சிக்குச் சித்தப்பா மகன். வரைபடம் பார்ப்பது இவருக்குப் பொழுதுபோக்கு. குடும்பத்தில் யாருக்கு வழி தெரியாவிட்டாலும் இவரிடம்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு வேறு வழியில் போவார்கள்.

அண்ணாச்சியின் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது அசாமில், துலியாஜானில். ஆயில் இந்தியா நிறுவனத்தின் தலைமையிடம் அந்த ஊர்தான். பக்கத்திலேயே திக்பாய், அங்கே 1901-இல் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மருமகனுக்கு எண்ணெய்க் கிணற்று வேலை. மகளுக்கு முதல் பிரசவம் முறைப்படி தூத்துக்குடியில் நடந்தது. இரண்டாவதை அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானதில் மதினி இரண்டு மாதம் முன்பே கிளம்பிப் போய்விட்டார். குழந்தை பிறந்த செய்தி வந்தது 2024 டிசம்பர் கடைசியில். அண்ணாச்சி பேரனைப் பார்க்கப் போக வேண்டும். துணைக்குக் கட்டுரைக்காரர்.

ஒரே கேள்விக்கு ஊர்ப்பட்ட பதில்கள் வந்தன. கைபேசி, "மூன்று மணி இருபது நிமிடம்" என்றது. டிக்கெட் போடும் பையன், "கனெக்‌ஷனப் பொறுத்து, அண்ணாச்சி" என்று நழுவினான். மருமகன் மரியாதையாக, "ஒரு நாள்னு வச்சுக்கிடுங்க மாமா" என்றார். மதினிதான் துல்லியமாகச் சொன்னார்: "ரெண்டு தூக்கம்."

கட்டுரைக்காரர் தூரத்திலிருந்து தொடங்கினார். வாகைக்குளம் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் ஊர். மோகன்பாரி திப்ருகர் விமான நிலையம் இருக்கும் இடம். இரண்டுக்கும் நடுவே வானத்தில் நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 2,745 கிலோமீட்டர். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும் ஜெட் விமானம் ஒரே மூச்சில் பறந்தால் கைபேசி சொன்ன மூன்று மணி இருபது நிமிடம் சரிதான். அப்படி ஒரு விமானம் இல்லை என்பதைக் கைபேசி சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது அதன் குணம்.

"ரயில்ல போனா?" என்றார் அண்ணாச்சி. ரயில் இருக்கிறது. கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் இடையே ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ், இந்தியாவிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் வண்டி. விவேகானந்தரின் 150-ஆவது பிறந்த ஆண்டை முன்னிட்டு 2011-இல் விட்டார்கள். நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். மூன்று நாளுக்கு மேலாகும். கட்டுரைக்காரர் வரைபடத்தில் விரல் வைத்து வழியைக் காட்டினார். வடகிழக்கே போக வேண்டிய வண்டி கன்னியாகுமரியை விட்டதும் மேற்கே திரும்பித் திருவனந்தபுரம் போகிறது. அங்கிருந்து கேரளம் முழுக்க ஏறிப் பாலக்காடு, கோயம்புத்தூர் வழியாக மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது.

"ஏம்ல, அசாமுக்குப் போறவன் எதுக்குக் கோயம்புத்தூருக்குப் போணும்?"

"வழியில ஆள் ஏத்தணும்லா, அண்ணாச்சி."

"நம்ம டவுன் பஸ் தேவல." ரயில் அத்தோடு தள்ளுபடி ஆயிற்று.

விமானத்தில் வழி இப்படி: தூத்துக்குடியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கொல்கத்தா, கொல்கத்தாவிலிருந்து திப்ருகர். இரண்டு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். "எல்லாம் சுத்து" என்று அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். கட்டுரைக்காரருக்கும் அப்படித்தான் தோன்றியது. தூரத்தைக் கூட்டிப் பார்த்தார். தூத்துக்குடி – சென்னை 529, சென்னை – கொல்கத்தா 1,386, கொல்கத்தா – திப்ருகர் 852. ஆக மொத்தம் 2,767. நேர்கோட்டைவிட வெறும் இருபத்திரண்டு கிலோமீட்டர் கூடுதல்!

நம்ப முடியாமல், பிள்ளைகள் படிக்க வாங்கிப் போட்டிருந்த பூமி உருண்டையை எடுத்தார். பூக்கட்டும் வாழைநாரில் ஒன்றை உருவி, ஒரு முனையைத் தூத்துக்குடியிலும் மறுமுனையைத் திப்ருகரிலும் வைத்து இறுக்கிப் பிடித்தார். நார் சென்னையையும் கொல்கத்தாவையும் ஏறக்குறைய உரசிக்கொண்டே போனது. கடவுள் இந்த நான்கு ஊர்களையும் ஒரே நாரில் தொடுத்துத்தான் வைத்திருக்கிறார். நகரத்துக்கும் வாகைக்குளத்துக்கும் போக வர ஆகும் தூரம்கூட இந்தச் சுற்றைவிட அதிகம். ஆக, வானத்தின்மேல் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை.

பிறகு நேரம் எங்கே போகிறது? அதைத்தான் அண்ணாச்சி கண்டுபிடித்தார். எப்படி என்பது கொல்கத்தாவில் வரும்.

கிளம்புவதற்கு முன்பே ஒரு குழப்பம். டிக்கெட்டில் தூத்துக்குடிக்கு 'டி.சி.ஆர்.' என்று போட்டிருந்தது. வெள்ளைக்காரன் வாயில் தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆனதன் மிச்சம் அது. ரயில்வேயில் ஊறிய பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "அண்ணாச்சி, இது திருச்சூர்லா! நீங்க இப்பமே கிளம்பினாத்தான் பிடிக்க முடியும்." அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரயில் கணக்கில் டி.சி.ஆர். திருச்சூர்தான்; தூத்துக்குடிக்கு அங்கே 'டி.என்.' என்று பெயர். ஒரே மூன்றெழுத்து தரையில் ஓர் ஊர், ஆகாயத்தில் வேறோர் ஊர். அண்ணாச்சி அரை மணி நேரம் இரண்டு பேரையும் நம்பவில்லை.

வழியனுப்ப வந்தவர்களில் துபாயில் வேலை பார்க்கும் ஒரு மச்சினன் பிள்ளையும் உண்டு. அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நான் திருவனந்தபுரத்துல ஏறினா நாலு மணி நேரம், மாமா. துபாய்ல இறங்கிருவேன்." திருவனந்தபுரத்திலிருந்து துபாய் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். திப்ருகரைவிட இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வெளிநாட்டுக்கு நாலு மணி நேரம். உள்நாட்டில் பேரனைப் பார்க்க ஒரு நாளா? அண்ணாச்சி கட்டுரைக்காரரை முறைத்தார், ஏதோ அவர்தான் விமானங்களை ஓட்டுகிறவர் போல.

காரணம் எளியது. துபாய்க்குத் தினமும் இருக்கை நிறைய ஆள் இருக்கிறது. வாகைக்குளத்தில் ஏறி மோகன்பாரியில் இறங்க அன்றைக்கு இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்களும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். சின்ன ஊரையும் சின்ன ஊரையும் நேரே இணைத்தால் விமானம் காலியாகப் பறக்கும் என்பதால், எல்லாரையும் பெரிய ஊர்களில் கொண்டுவந்து கொட்டி, கலந்து, மறுபடி அள்ளிக்கொண்டு போவதுதான் உலகமெங்கும் நடைமுறை. உப்பு மண்டியும் அப்படித்தான். அதைச் சொன்னதும் அண்ணாச்சி கொஞ்சம் சமாதானமானார். போதாததற்கு, வாகைக்குளத்தில் பல வருடம் இருந்தது 1,350 மீட்டர் ஓடுபாதை. அதில் ஏடிஆர் என்னும் விசிறி வைத்த சின்ன விமானம்தான் இறங்கும். எழுபது சொச்சம் பேர் ஏறலாம், மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் போகும். அது ஒரே மூச்சில் அசாம் வரை பறக்காது. ஓடுபாதையை மூவாயிரம் மீட்டருக்கு மேல் நீட்டி, புது முனையமும் கட்டித் திறந்தது 2025 ஜூலையில். அண்ணாச்சி அவசரப்பட்டுவிட்டார்.

இனி ஊறுகாய்க்கு வருவோம்.

மதினி போனில் கொடுத்த பட்டியல்: உடன்குடி கருப்பட்டி, மக்ரூன், கொப்பரை, பிறகு வீட்டில் போட்ட மிளகாய் ஊறுகாய் ஒரு பாட்டில். பெட்டியைக் கவுண்டரில் போடும்போதே கொப்பரை மாட்டிக்கொண்டது. விமானத்தில் கொப்பரைக்குத் தடை. எண்ணெய்ப் பசை உள்ள காய்ந்த தேங்காய் சூட்டில் தானாகவே பற்றிக்கொள்ளக் கூடியது என்று உலக விமானச் சரக்கு விதிகளில் அதற்குத் தனி எண்ணே உண்டு. வாழ்நாள் முழுக்க வீட்டுப் பரணில் கொப்பரையை அடுக்கிவைத்து அதன் கீழே படுத்துத் தூங்கிய அண்ணாச்சி முதல்முறையாகப் பயந்தார். ஊறுகாயை மட்டும், பெட்டிக்குள் வைத்தால் உடைந்துவிடும் என்று சாமர்த்தியமாகக் கைப்பையில் வைத்திருந்தார். பெட்டி உள்ளே போய்விட்டது. கைப்பையைச் சோதித்த வடநாட்டுக் காவலர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "மிர்ச்சி?" என்றார். அண்ணாச்சிக்கு இந்தி தெரியாது; ஆனால் வியாபாரிக்கு மிர்ச்சி தெரியும். பெருமையாகத் தலையாட்டினார். மற்ற ஊறுகாய் என்றால் பேசிப் பார்க்கலாம். மிளகாய் ஊறுகாயைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. யார் கண்ணிலாவது தூவிவிட்டால்?

"கண்ணுல தூவவா? இந்த ஊறுகாயவா? இதப் போட எம் பொஞ்சாதி மூணு நாள் வெயில்ல நின்னா!"

தமிழில் சொன்னதைக் காவலர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பாட்டில் திரும்பவும் வாசலுக்கு வந்து, மகன் கையில் ஏறி, காரில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனது.

பகல் பதினோரு மணிக்கு வீட்டை விட்டவர்கள் இரண்டு மணிக்குப் பறந்தார்கள். மூன்றரைக்குச் சென்னை. அடுத்த விமானம் எட்டரைக்கு. நடுவிலிருந்த ஐந்து மணி நேரத்தில் கட்டுரைக்காரர் தன் பொது அறிவைக் கடை விரித்தார். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாபா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். இடையே 2.7 கிலோமீட்டர்தான். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை அது. இரண்டு நிமிடத்தில் போய்விடலாம். காற்று கைகொடுத்த ஒரு நாள் 53 விநாடியில் போயிருக்கிறார்கள்.

அண்ணாச்சி அசரவில்லை. "சரி, அந்த அம்பத்திமூணு செகண்டுக்கு முன்னால எவ்ளோ நேரம் பெஞ்சில உக்கார வச்சான்?"

கட்டுரைக்காரருக்குப் பதில் தெரியவில்லை. கேள்விதான் சரியான கேள்வி என்று மட்டும் தெரிந்தது.

இரவு பத்தே முக்கால், பதினொன்றுக்குக் கொல்கத்தா. திப்ருகர் விமானம் காலை எட்டு மணிக்கு. இதற்காகப் போய் அறை எடுப்பானேன் என்று இருவரும் நாற்காலிகளிலேயே சாய்ந்தார்கள். மதினி சொன்ன இரண்டு தூக்கத்தில் முதலாவது சென்னையில் ஆகியிருந்தது. இரண்டாவது அண்ணாச்சிக்கு வரவில்லை. பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, உப்புக்கணக்கு எழுதுகிற மாதிரி நடுவில் கோடு கிழித்தார். இடப்பக்கம் 'ஆகாசம்', வலப்பக்கம் 'தரை'. தூத்துக்குடி – சென்னை ஒன்றரை மணி. சென்னை – கொல்கத்தா இரண்டு மணி இருபது நிமிடம். காலையில் பறக்கப்போவது ஒன்றரை மணி. ஆகாசத்தில் ஐந்து மணி இருபது நிமிடம். காலை ஒன்பதரைக்கு இறங்கி, பெட்டி வாங்கி, காரில் துலியாஜான் போய்ச் சேரப் பதினொன்று ஆகும் என்று மருமகன் சொல்லியிருந்தார். ஆக மொத்தம் இருபத்திநாலு மணி. கழித்தால், தரையில் பதினெட்டு மணி நாற்பது நிமிடம்.

"நாம பிளேன்ல போகல தம்பி. தரையில உக்காந்திருக்கோம். ஊடமாட்டுக்குப் பறக்கோம்."

அடுத்து 2,767-ஐ இருபத்திநாலால் வகுத்தார். கால்குலேட்டர் இல்லாமல். மணிக்கு 115 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயில் நல்ல தண்டவாளம் கிடைத்தால் 130-இல் ஓடுகிறது. நடுராத்திரியில் அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் எதிர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து, தன் விமானம் போய்விட்டதோ என்று பலகையைப் பார்த்தார்.

இந்தப் பதினெட்டு மணி நாற்பதில் கணிசமானது பயத்தின் விலை. கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், ஏறும் வாசலை இருபத்தைந்து நிமிடம் முன்பே சாத்திவிடுவார்கள் என்பதால், ஊரில் பஸ்ஸுக்கு ஓடிப் பிடிக்கிற ஆள்கூட இங்கே மூன்று மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார். டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரமும் பறக்கும் நேரம் அல்ல. நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியதுமுதல் மறு ஊரில் போய் நிற்கும்வரை உள்ள நேரம் அது. தாமதத்துக்கென்று கொஞ்சம் தளர்வும் அதில் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அதனால்தான் சில நாள் அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்தில் இறங்கி, விமானி பெருமையாக அறிவிப்பு வேறு செய்கிறார். உப்பு மூட்டையில் கழிவுக்கென்று ஒரு கை கூடுதலாகப் போடும் அண்ணாச்சிக்கு இது உடனே புரிந்தது.

மோகன்பாரியில் காலை வெயில் சுள்ளென்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் இமயத்தின் கிழக்குக் கோடியைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்குக் கொண்டுபோன அமெரிக்க விமானங்கள் கிளம்பிய இடங்களில் இதுவும் ஒன்று. 'மலைத்திமில்' என்று அந்த வழிக்கே ஒரு பெயர் இருந்தது. ஏராளமான விமானங்கள் அந்த மலைகளில் விழுந்திருக்கின்றன. கட்டுரைக்காரர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணாச்சி மருமகனின் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். மணி சரியாகப் பதினொன்று. நோட்டில் எழுதியதற்கு ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. அண்ணாச்சி ஜெயித்துவிட்டார்.

அந்த வெற்றி மறுநாள் சாயங்காலம் வரைதான் நீடித்தது.

மருமகனின் நண்பர் ஒருவர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அதிகாரி. மூன்று மணிக்குத் தேநீருக்கு அழைத்திருந்தார். விருந்துக்கு முன்னதாகப் போவது மரியாதை இல்லை என்று அண்ணாச்சி, கைக்கடிகாரத்தில் மூன்று அடிக்கும்போது சரியாக வாசலில் கால் வைத்தார். உள்ளே சுவர்க் கடிகாரத்தில் நாலு. பலகாரம் ஆறிப்போயிருந்தது. அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்கென்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தனி நேரம் இருக்கிறது. 'பாகான் டைம்' என்பார்கள், அதாவது தோட்ட நேரம். இந்திய நேரத்துக்கு ஒரு மணி முந்தியது. வெளிச்சம் இருக்கும்போதே கொழுந்து பறித்து முடிக்க வேண்டுமே. அழைத்தவர் தோட்ட நேரத்தில் அழைத்துவிட்டார். போனவர்கள் தூத்துக்குடி நேரத்தில் போய்விட்டார்கள்.

தோட்டக்காரர்கள்பேரில் தப்பில்லை. திப்ருகருக்கும் தூத்துக்குடிக்கும் தீர்க்கரேகையில் பதினேழு பாகை வித்தியாசம். சூரியக் கணக்கில் ஒரு மணி எட்டு நிமிடம். டிசம்பரில் தூத்துக்குடியில் ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். இங்கே நாலரைக்கெல்லாம் சூரியன் கடையைக் கட்டிவிடுகிறது. ஐந்தரைக்கு அண்ணாச்சி இட்லி வேகிறதா என்று அடுப்படியை எட்டிப் பார்த்தார். 2014-இல் அன்றைய முதல்வர் தருண் கோகோய், மாநிலம் முழுவதையுமே தோட்ட நேரத்துக்கு மாற்றிவிடலாம் என்றுகூடச் சொன்னார். நடக்கவில்லை. நாடு முழுக்க ஒரே நேரம் என்று 1906-இல் வந்தது. அதற்கு முன்னால் இந்திய ரயில்கள் ஓடியது மெட்ராஸ் வானாய்வுக்கூடம் சொன்ன நேரத்தில்.

"அப்பம் நம்ம மணிதான் ஊருக்கெல்லாம் மணின்னு ஒரு காலம் இருந்துருக்கு" என்று அண்ணாச்சி ஆறின பலகாரத்தை மென்றார். பிறகு நோட்டை எடுத்தார். "ஏலே, இந்த ஊர்க் கடியாரப்படி நாம நேத்துப் பன்னெண்டு மணிக்குல்லா வந்துருக்கோம். அப்பம் இருபத்தஞ்சு மணி நேரம். அந்த ஒரு மணிய எவன் எடுத்தான்?"

"திரும்பிப் போகும்போது குடுத்துருவாங்க, அண்ணாச்சி. இருபத்திமூணுதான் ஆகும்."

சொன்னது தவறு. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று அடிக்கிறது. கிழக்கே போகிற விமானத்தை அது தள்ளிவிடும். மேற்கே திரும்புகிற விமானத்தை மறிக்கும். பனிமூட்டம் வேறு சேர்ந்துகொண்டதில் திரும்பும் பயணம் இருபத்தெட்டு மணி நேரம் பிடித்தது. அண்ணாச்சிக்கு அந்த ஒரு மணி இன்றுவரை வரவில்லை. வராக்கடன் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

கருப்பட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மக்ரூன் டப்பாவைக் கொல்கத்தாவில் தலைக்கு வைத்துப் படுத்தது அண்ணாச்சியே. மருமகன் அதைக் கரண்டியால் சாப்பிட்டார். மதினி இன்னும் அங்கேதான் இருக்கிறார். பேரனுக்கு நடை பழகும்வரை வருவதாக இல்லை. தினமும் ராத்திரி போனில் பேரன் கதையெல்லாம் சொல்லி முடித்தபிறகு கடைசியாக ஒன்று கேட்பார்: "ஊறுகா என்னாச்சு?"

வாகைக்குளத்து வாசலோடு திரும்பிய பாட்டில் தூத்துக்குடி அடுப்படி அலமாரியில் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கம் போகிற வாசகர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பெட்டிக்குள் வைத்துக் கவுண்டரில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.